பாடுவது யார் வேலை?

கல்யாணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ எங்கள் சர்ச்சுக்கு வந்துபோகும் ஆபீஸ் நண்பர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏன் சார், உங்க கோயில்ல எல்லாரும் எழுந்து நின்னு பாடறீங்களே, நல்லாப் பாடறவங்க நாலு பேர் பாடினா போதாதா? கேக்கவும் நல்லா இருக்குமே?"

நியாயமான கேள்வி. எங்கள் பெஞ்சில் வழக்கமாக உட்காருகிறவர்களின் சாரீரத்தைக் கேட்டவர்களுக்கு அதன் நியாயம் இன்னும் நன்றாகப் புரியும். சுருதி ஒரு பக்கம் போகும், தாளம் இன்னொரு பக்கம் போகும். ஆனாலும் பாடுகிறோம். ஏன்?

நான் படித்தது பி.காம். பிழைப்பு வங்கியில். சரித்திரமும் சரி, சங்கீதமும் சரி, எனக்குத் தொழில் அல்ல. ஆனால் ஒவ்வொரு ட்ரான்ஸ்ஃபருக்குப் பிறகும் புது ஊரில் வீடு தேடுவதோடு "இங்கே தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது?" என்றும் தேடி அலைகிறவன் என்பதால், இந்த விஷயத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்து வைத்திருக்கிறேன். படித்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இதுதான்: சபையார் எல்லோரும் சேர்ந்து பாடுவது கிறிஸ்தவத்தில் என்றைக்கும் இருந்துவந்த வழக்கம் அல்ல. இருந்தது, போனது, சண்டை போட்டு மறுபடி வாங்கினார்கள், மறுபடி கை நழுவியது. இதைவிட வேடிக்கை, ஒவ்வொரு முறையும் ஜனங்களைப் பாடவைக்கக் கொண்டுவந்த ஏற்பாடே பிறகு அவர்களுடைய வாயை மூடியும் இருக்கிறது.

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இரட்டைப் பதிவு

கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் (இன்றைய துருக்கியின் வடமேற்குப் பகுதி) ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் பாஷையில் சொன்னால் கிளையிலிருந்து ஹெட் ஆபீசுக்குப் போன ரிப்போர்ட். கிறிஸ்தவர்கள் என்று பிடிபட்டவர்களை விசாரித்ததில் தெரிந்ததை எழுதுகிறார். குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்களாம். கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறி மாறிப் பாட்டுப் பாடுகிறார்களாம். கிறிஸ்தவ ஆராதனையைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதியவற்றில் மிகப் பழையது இது. அதிலேயே பாட்டு இருக்கிறது.

பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் இதற்குக் காரணமும் இருக்கிறது. சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஒருவருக்கொருவர் போதித்து, புத்தி சொல்லி, தேவனைப் பாடச் சொல்கிறார். கவனியுங்கள், பாட்டு மேலே மட்டும் போகவில்லை, பக்கத்திலும் போகிறது. வணிகவியல் படித்தவனுக்கு இது உடனே பிடிபடும். இரட்டைப் பதிவு முறை! ஒரே பாட்டு, இரண்டு கணக்கில் ஏறுகிறது. ஒன்று தெய்வத்துக்கு. மற்றொன்று பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு. நாலு பேர் பாடி மற்றவர்கள் கேட்டால் முதல் பதிவு ஒருவேளை சரியாக இருக்கலாம். இரண்டாவது பதிவு விழாது. நண்பரின் கேள்விக்கு என்னுடைய சுருக்கமான பதில் இதுதான்.

இந்த இரண்டாவது பதிவு எப்படி விழும் என்பதற்கு நல்ல உதாரணம் 386-ல் மிலான் நகரில் நடந்தது. பேரரசன் சிறுவன். அவன் தாய் ஜஸ்டினா, தன்னுடைய ஆரியப் பிரிவுக்கு ஒரு கோயிலை விட்டுத்தரச் சொல்கிறாள். பேராயர் அம்புரோஸ் மறுக்கிறார். படை வந்து சூழ்கிறது. ஜனங்கள் கோயிலுக்குள்ளேயே கண்விழித்துக் கிடக்கிறார்கள். அவர்கள் மனம் சோர்ந்துவிடாமல் இருக்க, கிழக்கத்திய சபைகளின் வழக்கப்படி எல்லோரும் பாடும் முறையை அப்போதுதான் அங்கே கொண்டுவந்தார்கள் என்று அகஸ்டின் எழுதுகிறார். அந்தக் கூட்டத்தில் அவருடைய அம்மா மோனிக்காவும் இருந்தார். வெளியே பட்டாளம் நிற்கும்போது பயத்தைப் போக்க வேண்டுமானால் கேட்பது போதாது. தானே பாட வேண்டும்.

முதல் பூட்டு

அதே நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய ஒரு சங்கம் சில விதிகள் போட்டது. அதில் 15-வது விதி: மேடையில் ஏறிப் புத்தகத்தைப் பார்த்துப் பாடும் நியமனப் பாடகர்களைத் தவிர வேறு யாரும் கோயிலில் பாடக்கூடாது. எல்லா இடத்திலும் இது எழுத்துப்படி நடந்ததா, பாட்டைத் தொடங்குவதை மட்டும் தடுத்ததா என்று அறிஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது தெரிகிறது.

இதைப் போட்டவர்களைத் திட்ட வேண்டாம். கண்டவர் கண்டதைப் பாடினால் ஆராதனை சந்தைக்கடை ஆகிவிடும். ஒழுங்கு வேண்டும், தவறான போதனை பாட்டு வழியாக நுழையக்கூடாது. எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் பயிற்சி பெற்றவர் பாட ஆரம்பித்தால் பாட்டு கடினமாகிக்கொண்டே போகும். பாட்டு கடினமாக ஆக, பயிற்சி இல்லாதவர் பின்வாங்குவார். மேற்கே இதோடு மொழியும் சேர்ந்துகொண்டது. கோயிலில் லத்தீன், வீட்டில் வேறு பாஷை. இடைக்கால ஐரோப்பாவில் ஜனங்கள் ஒரேயடியாக ஊமையாகிவிடவில்லை. பண்டிகையிலும் யாத்திரையிலும் சொந்த மொழியில் பாடினார்கள். ஆனால் ஆராதனையின் நடுவில் பாட்டு பாடகர் குழுவின் சொத்தாகிவிட்டது.

லூத்தர் பாடவைத்தாரா?

"லூத்தர் வந்தார், ஜனங்கள் பாடினார்கள்" என்று சண்டே ஸ்கூலில் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல.

முதலில், லூத்தருக்கு முன்பே பொஹீமியாவில் ஜான் ஹஸ் வழியில் வந்தவர்கள் செக் மொழியில் பாடினார்கள். 1501-லேயே அவர்களுக்கு அச்சடித்த பாட்டுப் புத்தகம் இருந்தது. லூத்தர் 1523-ல்தான் பாட்டு எழுதத் தொடங்கினார். அந்த வருஷம் ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் அவருடைய கொள்கைக்காக இரண்டு இளம் துறவிகளை எரித்தார்கள். அதைப் பற்றித்தான் அவருடைய முதல் பாட்டு. பிறகு நண்பர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: சங்கீதங்களை ஜெர்மனில் பாட்டாக்கித் தாருங்கள், அரண்மனைப் புதுவார்த்தைகள் வேண்டாம், சாதாரண ஜனங்களுக்குப் புரியும் எளிய சொல்லாக இருக்கட்டும். 1524-ல் எட்டே எட்டுப் பாட்டோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. நாலு பாட்டு லூத்தருடையது.

"லூத்தர் சாராயக்கடைப் பாட்டு மெட்டுகளை எடுத்துக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. ஜெர்மன் இசையில் 'பார்' என்று ஒரு பாட்டு வடிவத்துக்குப் பெயர். ஒரே மெட்டில் இரண்டு பகுதி, வேறு மெட்டில் ஒரு பகுதி. இந்தப் பெயருக்கும் குடிக்கிற பாருக்கும் சம்பந்தம் கிடையாது. பொதுவெளியில் பாடிவந்த ஒரு விடுகதைப் பாட்டின் மெட்டை 1535-ல் தன்னுடைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றுக்கு எடுத்தது உண்மை. ஆனால் 1539-ல் அதற்கே புது மெட்டு வந்துவிட்டது.

இதையெல்லாம் விட முக்கியமானது, பாட்டு சொந்த மொழிக்கு வந்த பிறகும் ஜனங்கள் பாடவில்லை! புதுப் பாட்டுகளைக் கற்றுக்கொள்ளாமல் சும்மா நிற்கிறீர்களே என்று லூத்தரே விட்டன்பர்க் சபையாரைக் கடிந்துகொண்டிருக்கிறார். பல பத்தாண்டுகள் கழித்துச் சபைகளைப் பார்வையிடப் போனவர்களின் அறிக்கைகளிலும் அதே புகார். மொழி ஒரு தடைதான், அதை எடுத்தாயிற்று. பழக்கம் என்று இன்னொரு தடை அப்படியே இருந்தது. ஆயிரம் வருஷம் வாய் திறக்காத ஜனங்கள், புத்தகம் அச்சடித்தவுடன் திறந்துவிடுவார்களா? பள்ளிக்கூடப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களை முன்னால் நிற்கவைத்துப் பாடவைத்துத்தான் மெல்ல மெல்ல மாறியது.

ஜெனீவாவின் குழந்தைகள்

சூரிச்சில் ஸ்விங்லி வேறு முடிவெடுத்தார். இத்தனைக்கும் சீர்திருத்தத் தலைவர்களில் சங்கீதத்தில் மிகத் தேர்ந்தவர் அவர்தான், பல வாத்தியங்கள் வாசிப்பார். அவர் ஆராதனையிலிருந்து பாட்டையே எடுத்துவிட்டார். ஆர்கனை 1527-ல் உடைத்தார்கள். சூரிச் கோயில்களில் பாட்டு திரும்பியது 1598-ல்!

கால்வின் ஜெனீவாவில் நடுவழி பிடித்தார். பாடலாம், ஆனால் வேதத்தில் உள்ள சங்கீதங்களைப் பாடலாம். வாத்தியம் வேண்டாம், பல குரல் வேண்டாம், எல்லோரும் ஒரே மெட்டில். 1537-ல் அவரும் நண்பர்களும் நகர மன்றத்துக்குக் கொடுத்த யோசனையில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஜனங்களுக்குப் பாடத் தெரியாது. எனவே முதலில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். அவர்கள் கோயிலில் தெளிவாகச் சத்தமாகப் பாடட்டும். பெரியவர்கள் கவனித்துக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொள்ளட்டும். அதாவது டிரெயினிங் மேலிருந்து கீழே இல்லை, கீழிருந்து மேலே!

150 சங்கீதங்களும் பிரெஞ்சுப் பாட்டாகி 1562-ல் முழுப் புத்தகமாக வந்தன. மாரோ, பெசா என்று இரண்டு கவிஞர்கள் எழுதியது. விற்பனை லாபத்தில் ஒரு பங்கு ஏழைகள் நிதிக்குப் போக ஏற்பாடு. (வங்கிக்காரன் கண்ணில் இது படாமல் போகுமா?) மெட்டுகள் பெரும்பாலும் நெட்டை, குட்டை என்று இரண்டே அளவுச் சுரங்களில் நகரும். யாரும் பாடலாம்.

அந்த மெட்டுகளில் பலவற்றை அமைத்த லூயி பூர்ஷ்வா 1551 டிசம்பரில் ஜெயிலுக்குப் போனார். குற்றம், ஏற்கெனவே அச்சான சில மெட்டுகளை அனுமதி இல்லாமல் மாற்றியது! பழைய மெட்டைப் பாடிப் பழகியவர்கள் குழம்பிப்போனார்கள் என்று புகார். கால்வின் தலையிட்டு வெளியே கொண்டுவந்தார். ஜெயில் அதிகம்தான், சந்தேகம் இல்லை. ஆனால் வாராவாரம் புதுப் பாட்டு, பழைய பாட்டுக்கும் புது மெட்டு என்று தடுமாறும் எங்களைப் போன்றவர்களுக்கு ஜெனீவா மன்றத்தின் மேல் கொஞ்சம் அனுதாபம் வரத்தான் செய்கிறது.

அனாமத்துக் கணக்கு

இங்கிலாந்தில் தடை வேறு மாதிரி. பியூரிட்டன்கள் ஆட்சிக்கு வந்தபோது 1645-ல் ஆராதனை முறைக்கு ஒரு கையேடு போட்டார்கள். வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் சங்கீதப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், தெரியாதவர்கள் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றது அது. கூடவே, இப்போதைக்குப் பலருக்கு எழுத்து தெரியாததால், போதகரோ வேறு தகுந்த ஆளோ ஒவ்வொரு வரியாக வாசிக்க, சபையார் அதைப் பாடலாம் என்றும் சொன்னது.

'இப்போதைக்கு' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? வங்கியில் எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை இப்போதைக்கு அனாமத்துக் கணக்கில் போடுவோம். சீக்கிரம் தீர்க்க வேண்டும். தீர்க்காமல் விட்டால் வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். இதுவும் அப்படித்தான் ஆனது. வரி சொல்லிப் பாடும் முறை நூறு வருஷத்துக்கு மேல் நீடித்து, பக்தியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நிறுத்தப் போனவர்களோடு சண்டை போட்டார்கள்.

கடல் தாண்டிய நியூ இங்கிலாந்தில் இன்னும் மோசம். அங்கே குடியேறியவர்கள் 1640-ல் அச்சிட்ட சங்கீதப் புத்தகம்தான் ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் காலனிகளில் அச்சான முதல் புத்தகம். அவ்வளவு ஆர்வம். ஆனால் இரண்டு தலைமுறை கழித்து என்ன நிலை? வரி சொல்லி, இழுத்து, ஆளுக்கொரு அலங்காரம் சேர்த்து, மெட்டே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஒரு சுரத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது என்று தாமஸ் வால்ட்டர் என்ற போதகர் 1721-ல் புலம்புகிறார். சுரம் பார்த்துப் பாடக் கற்றுக்கொடுக்கும் பாட்டுப் பள்ளிகள் அப்படித்தான் தோன்றின. நல்ல பலன் கிடைத்தது. பிறகு என்ன ஆயிற்று? பள்ளியில் தேறியவர்கள் ஒன்றாக உட்கார இடம் கேட்டார்கள். மாடியில் தனி இடம் கிடைத்தது. பாடகர் குழு ஆனார்கள். கஷ்டமான பாட்டுகளை எடுத்தார்கள். கீழே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள்! லவோதிக்கேயாவுக்கே திரும்பி வந்தாயிற்று.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வரி சொல்லும் முறையை ஏளனமாக மட்டும் பார்க்கக்கூடாது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கேலிக் மொழிச் சபைகளிலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சில பாப்டிஸ்ட் சபைகளிலும் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க, சபை முழுதும் அலை போல எழுந்து பாடும். புத்தகமே இல்லாமல்.

பாடலாமா என்றே ஒரு சண்டை

லண்டனில் பெஞ்சமின் கீச் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1673 வாக்கில் திருவிருந்துக்குப் பின் ஒரு பாட்டுப் பாடலாம் என்று ஆரம்பித்தார். எழுதிவைத்த பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடுவது ஆவியானவரின் வேலையைத் தடுப்பதாகும் என்று சிலர் எதிர்த்தார்கள். ஆராதனை முடிவில் பாடுவோம், பிடிக்காதவர்கள் அதற்கு முன் எழுந்து போகலாம் என்று சமரசம் செய்துகொண்டார்கள். 1690களில் வாராவாரம் பாடுவது என்று முடிவானபோது ஒரு கூட்டம் பிரிந்தே போய்விட்டது. சேர்ந்து பாடுவதற்காகச் சபை உடைந்த கதை!

பிறகு ஐசக் வாட்ஸ் 1707-ல் தன் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார். தாவீதின் வார்த்தையை மட்டும் அல்லாமல் தங்கள் காலத்து அனுபவத்தையும் விசுவாசிகள் பாடலாம் என்ற வழி அதில் திறந்தது. ஜான் வெஸ்லி 1761-ல் பாட்டுப் புத்தகத்தின் பின்னால் ஏழு கட்டளைகள் போட்டார். சாராம்சம்: எல்லோரும் பாடுங்கள். சத்தமாகப் பாடுங்கள், ஆனால் மற்றவரை அமுக்குமளவு கத்தாதீர்கள். இழுக்காமல் தாளத்தோடு பாடுங்கள். கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேல், யாருக்காகப் பாடுகிறோம் என்பதை நினைத்துப் பாடுங்கள். பாருங்கள், அதே இரட்டைப் பதிவு. பக்கத்து ஆளும் கணக்கில் உண்டு.

தரங்கம்பாடியும் தஞ்சாவூரும்

இனி நம் ஊர். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். லூத்தரின் வழியில் வந்தவர் ஆயிற்றே, பாட்டு இல்லாமல் சபை ஏது? ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ் வார்த்தை பொருத்திப் பாட்டுகள் அச்சாயின. பிறகு வேப்பேரியில் இருந்த பெப்ரீஷியஸ் நிறைய மொழிபெயர்த்தார். இன்றும் லூத்தரன் சபைகளில் 'ஞானப்பாட்டு' என்றும் சி.எஸ்.ஐ. சபைகளில் 'பாமாலை' என்றும் பாடுவது இந்த வகையைச் சேர்ந்தது.

அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவன் நான், அவை மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. ஐரோப்பிய மெட்டில் அசை அழுத்தம் ஓரிடத்தில் விழும். தமிழில் குறில் நெடில் வேறு கணக்கு. குறிலை நெடிலாக இழுத்து, சொல்லை நடுவில் உடைத்துத்தான் பல இடங்களில் மெட்டுக்குள் அடைக்க வேண்டும். மொழி தமிழ், நடை ஜெர்மன்.

இந்தப் பூட்டைத் திறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). நெல்லைச் சீமையில் பிறந்து, சிறுவயதில் சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போனவர். சரபோஜி மன்னரோடு படித்தவர். தஞ்சாவூர் அந்தக் காலத்தில் சங்கீதத்தில் ஊறிய ஊர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை வடிவத்தை அவர் கையில் எடுத்தார். அதன் வசதி என்ன தெரியுமா? சரணத்தை ஒருவர் பாடினாலும், பல்லவி திரும்பத் திரும்ப வரும். எழுத்து தெரியாத பாட்டிகூட மூன்றாவது சுற்றில் சேர்ந்துகொள்வாள். 1645-ல் இங்கிலாந்தில் வரி வரியாக வாசித்துத் தீர்க்கப் பார்த்த அதே பிரச்சினையை, மெட்டையும் கெடுக்காமல், இழுக்கவும் இழுக்காமல் பல்லவி தீர்த்துவிட்டது. புதிதாக வந்த சில மிஷனரிகள் இந்தப் பாட்டுகளை ஆராதனையில் விரும்பவில்லை. ஆனால் 1853-ல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். ராகமும் தாளமும் தலையில் போட்ட கீர்த்தனைப் புத்தகம் சபை சபையாகப் பரவியது.

இங்கே நிறுத்திக்கொண்டால் சுகமான கதை. ஆனால் முழுக்கதை அது அல்ல. 1820களின் இறுதியில் புது மிஷனரிகளுக்கு எதிராகச் சாஸ்திரியார் எழுதிய புகார்களில் தமிழ்ப் பாட்டைத் தடுப்பதும் உண்டு, சாதி வேறுபாட்டை விடச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தார். தஞ்சாவூர்ச் சபையில் அப்போது சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம். 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சாதியைச் சபைக்குள் உடனே, அடியோடு விடவேண்டும் என்று உத்தரவிட்டபோது பலர் சபையை விட்டே போனார்கள். சாஸ்திரியாரும் அந்தப் பக்கம்தான் நின்றார்.

எல்லோரும் பாடக்கூடிய பாட்டைக் கொடுத்தவர், எல்லோரும் ஒரே பாயில் உட்காருவதை ஏற்கவில்லை. அவர் பாட்டை நான் இன்றும் விரும்பிப் பாடுகிறேன். பாடும்போது இதையும் நினைத்துக்கொள்கிறேன். சேர்ந்து பாடுவது என்பதில் 'பாடுவது' எவ்வளவு முக்கியமோ, 'சேர்ந்து' என்பதும் அவ்வளவு முக்கியம். இரண்டாவது பதிவு பொய்யானால் முதல் பதிவு மட்டும் எப்படி டேலி ஆகும்?

கத்தோலிக்கர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1903-லேயே போப் பத்தாம் பயஸ், ஜனங்கள் ஆராதனைப் பாட்டில் மறுபடி பங்கெடுக்க வேண்டும் என்று எழுதினார். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஜனங்களின் முழுமையான ஈடுபாடே முதலில் கவனிக்க வேண்டியது என்று ஆணை வெளியிட்டது. சொந்த மொழியில் பூசைக்கும் வழி திறந்தது. லூத்தர் கேட்டதற்கும் இதற்கும் நடுவே 440 வருஷம்.

இன்றைய தடை

இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே நான் போன தமிழ் ஆராதனைகள் பலவற்றில் பாட்டுச் சத்தம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது, பாடுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். முன்னால் கீபோர்டு, டிரம்ஸ், ஐந்து மைக். பிள்ளைகள் அருமையாகப் பாடுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டை அவர்கள் குரலுக்கு ஏற்ற கட்டையில் எடுத்தால் ஐம்பது வயதுக்காரர் சரணத்தில் கழன்றுகொள்கிறார். ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்து ஆளின் குரல் கேட்பதில்லை. பக்கத்து ஆள் குரல் கேட்காவிட்டால் நம் குரலும் தானாக அடங்கிவிடும். இதுவும் நல்ல எண்ணத்தில் வந்த மருந்துதான், இளைஞர்களைக் கோயிலில் நிறுத்த. நியூ இங்கிலாந்தின் மாடிப் பாடகர்கள் மாதிரி.

இதைவிடப் பெரிய தடை எழுத்து. வெளி மாநிலத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். என் வீட்டிலும் இதே கதைதான். பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். எனவே திரையில் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் போடலாம் என்று ஒரு கட்சி. அப்படிப் போட்டால் தமிழ் எழுத்தை அவர்கள் எந்தக் காலத்திலும் கற்க மாட்டார்கள் என்று இன்னொரு கட்சி. கமிட்டிக் கூட்டங்களில் இது தீராத வழக்கு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை வாய் மூடி நிற்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. பாடாத பிள்ளைக்கு அந்த ஆராதனை அப்பா அம்மாவின் ஆராதனை. பத்து வருஷம் கழித்து அது வர வேண்டிய அவசியம் என்ன?

1645 கையேட்டை இரண்டு பாதியாக வாசித்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். எல்லோரும் வாசிக்கக் கற்கட்டும், இப்போதைக்கு உதவி செய்வோம். இரண்டும் சேர்ந்துதான் விதி. அவர்கள் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை மறந்தார்கள். நாம் திரையில் இங்கிலீஷ் எழுத்தைப் போடுவதானால், அன்றே சண்டே ஸ்கூலில் அரை மணி நேரம் தமிழ் எழுத்து வகுப்பையும் தொடங்க வேண்டும். அனாமத்துக் கணக்கைத் தீர்க்கும் தேதியையும் குறித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

மற்றதற்கும் சரித்திரத்திலேயே வழி இருக்கிறது. புதுப் பாட்டா? ஜெனீவா மாதிரி முதலில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் நாலு வாரம் பாடட்டும், பெரியவர்கள் கேட்டுச் சேர்ந்துகொள்ளட்டும். பிள்ளைகளுக்கும் பெருமை. எழுத்தே வேண்டாமா? கீர்த்தனை எடுங்கள். பல்லவியை எல்லோரும், சரணத்தை ஒருவர். அதற்குப் புரொஜெக்டர் தேவையில்லை. கட்டையைக் கொஞ்சம் இறக்குங்கள். கடைசிச் சரணத்துக்கு மைக்கையும் வாத்தியத்தையும் நிறுத்திப் பாருங்கள். சபை பாடுகிறதா இல்லையா என்று அப்போது தெரிந்துவிடும். அதைவிட நேர்மையான ஆடிட் கிடையாது.

எந்தப் பாட்டு உயர்ந்தது, பாமாலையா கீர்த்தனையா கோரஸா என்ற சண்டையில் எனக்கு அக்கறை குறைந்துவிட்டது. எல்லாமே ஒரு காலத்தில் ஏதோ ஒரு பூட்டைத் திறக்கச் செய்த சாவிதான். திறந்த பிறகு சாவியைக் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இன்றைக்கு நம் கோயிலில் யார் பாடாமல் நிற்கிறார்கள், அவர்களைத் தடுப்பது எது என்று கேட்டால் போதும்.

ஆபீஸ் நண்பருக்கும் அதைத்தான் சொல்கிறேன். நாலு பேர் பாடினால் கேட்க நன்றாக இருக்கும் சார், மறுக்கவில்லை. ஆனால் கேட்பதற்காக நாங்கள் பாடவில்லையே.

பி.கு.: உங்கள் ஊர்த் தமிழ்ச் சபையில் பிள்ளைகளுக்காக என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், பலன் கிடைத்ததா என்று பின்னூட்டத்தில் எழுதினால் எங்கள் கமிட்டிக்கும் உதவியாக இருக்கும்.